விமான ஈர்ப்பு அளவீடு: இன்றும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கணம்

கருவியாளர்:
நிலநடுக்கோட்டுக்கு அருகே, மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிய அளவீட்டுக் கோட்டை முடித்துவிட்டு அதே கோட்டில் மேற்கு நோக்கித் திரும்பியபோது, ஈர்ப்புமானியின் (புவியீர்ப்பை அளக்கும் கருவி) திருத்தப்படாத அளவு ஏறத்தாழ 1600 மில்லிகால் (ஈர்ப்பு முடுக்கத்தின் மிகச் சிறிய அலகு) உயர்ந்துவிட்டது. ஈட்வோஸ் விளைவுதான், அதாவது புவி சுழலும் திசையில் கிழக்கே பறந்தால் ஈர்ப்பு குறைவாகவும், எதிரே மேற்கே பறந்தால் கூடுதலாகவும் தெரிவது; நாம் அனைவரும் படித்ததே. ஆனால் நாங்கள் தேடிச் சென்ற பிறழ்வு, அதாவது நிலத்தடிப் பாறையால் ஈர்ப்பில் ஏற்படும் சிறு மாற்றம், 15 மில்லிகாலைக்கூட எட்டாதது. உடன் வந்த நிலவியலாளர் திரையைப் பார்த்து, "இதற்குள்ளேயா நம் பாறை ஒளிந்திருக்கிறது?" என்று கேட்டார். அன்று நான் சொன்ன விளக்கம் சரியானதுதான். ஆனாலும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

விமானி:
ஈட்வோஸைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. வேகம், திசை, அட்சரேகை மூன்றும் தெரிந்தால் அதைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். உண்மையான தொல்லை காற்றுதான். குலுக்கல் தரும் செங்குத்து முடுக்கம் பல்லாயிரம் மில்லிகாலைத் தொடும். ஒரு கோட்டில் விமானம் மெல்லத் தாழ்ந்தது, என் கை தானாகவே நெம்புகோலை நோக்கிப் போனபோது, பின்னாலிருந்து "தொடாதீர்கள், இறங்கட்டும்!" என்று ஒரு குரல் வந்தது; நான் திருத்தினால் அதுவே இன்னொரு முடுக்கமாகிவிடும். உயரத்தைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு, அதைக் காக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை இங்குள்ளோர் அறிவார்களா?

தரவுப் பகுப்பாளர்:
விமானியின் கூற்றில் பாதியைத்தான் ஏற்கிறேன். மெதுவான இறக்கத்தை ஜிபிஎஸ் கொண்டு நீக்கலாம், உயர மாற்றத்துக்காக மீட்டருக்கு 0.3086 மில்லிகால் என்ற திருத்தமும் எளிது. ஆனால் உயரே போகப் போகச் சிறிய பிறழ்வுகள் மங்கிவிடும்; அவற்றை மீட்க முயன்றால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். என் அனுபவம் சுருக்கமானது: ஒரே தரவை 60 வினாடி வடிகட்டியில் (அவ்வளவு நேரத்து அளவுகளைச் சமன்செய்து இரைச்சலைக் குறைக்கும் கணக்கு) இட்டபோது வரைபடத்தில் தெளிவாக எழுந்த மேடு, 140 வினாடி வடிகட்டியில் காணாமல் போனது. அது கனிமமா, காற்றா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். புறப்படும் முன்பும் இறங்கிய பின்பும் விமானம் நிற்கும் அதே புள்ளியில் அளவெடுங்கள். இல்லாவிட்டால் கருவியின் நகர்வை, அதாவது நேரம் போகப் போக அதன் அளவு தானாக மெல்ல மாறுவதை, பிரித்தறிய வழியில்லை. முதன்மைக் கோடுகளுக்குக் குறுக்கே பறக்கும் கோடுகளைச் செலவு மிச்சமென்று கைவிடாதீர்கள், ஏனெனில் வெட்டுப்புள்ளிகளில் இரு அளவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதுதான் வாடிக்கையாளரிடம் காட்டக்கூடிய நேர்மையான பிழைக் கணக்கு. விமானம் திரும்பிய பிறகு கருவியைத் தாங்கும் மேடை நிலைபெறும்வரை வரும் தரவை இரக்கமின்றி ஒதுக்குங்கள். காற்று அடங்கியிருக்கும் இரவிலோ விடியலிலோ பறக்க முடிந்தால், எந்த வடிகட்டியையும்விட அது மேலான பலன் தரும்.

கருவியாளர்:
அறிவுரைக்கு நன்றி, இவை அனைத்தையும் நாங்கள் செய்தோம். உங்கள் மேடு பக்கத்துக் கோட்டிலும் தெரிந்ததா?

தரவுப் பகுப்பாளர்:
இல்லை. ஆனால் நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் 60 வினாடி வடிகட்டி என்பது 3.6 கிலோமீட்டர் நீளம், பக்கத்துக் கோடு அதைவிடத் தொலைவில் இருந்தது; அவ்வளவு சிறிய மேடு அதுவரை எட்டாமல் இருந்திருக்கலாம். ஆகவே அந்த இன்மை எதையும் நிரூபிக்கவில்லை.