அண்ணனுக்குத் தன் வருத்தம் (நோய்) தெரியுமா, தெரியாதா?

லயத்துப் பிள்ளை:
தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். கொழும்பில் கடையில் வேலை செய்த என் அண்ணன் தைப்பொங்கலுக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. பக்கத்துக் காம்பராவில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்கிறார். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, அந்த வீட்டு இருமல்கூட இங்கே கேட்கும். அதனால் இரண்டு மாதம் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. போன கிழமை பழைய பேப்பரைக் கசக்கி, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியை முழுக்க அடைத்துவிட்டார். பக்கத்து வீட்டு ஆட்கள் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "எனக்கென்ன பைத்தியமா? நீங்கதான் கேக்காத மாதிரி நடிக்கிறீங்க" என்கிறார். தேத்தண்ணியில் மருந்தைக் கலந்து கொடுக்கலாமா என்று அம்மா கேட்கிறார். உள்ளுக்குள் தெரிந்துகொண்டே மறைக்கிறாரோ?

டிக்கோயா மாமா:
தெரியாமல் இருக்குமா பிள்ளை? சம்பளத்தில் பத்து ரூபா குறைந்தால் மட்டும் தெரியுதே! எதற்கும் ஒரு தரம் கோடாங்கியிடம் காட்டிப் பாருங்கள்.

ஸ்டோர்க்காரன்:
மாமா, எனக்கும் சம்பளக் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. ஆனாலும் எனக்கு வருத்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் தேயிலை ஸ்டோரில் கொழுந்து சுருட்டும் ரோலர் மிஷினில் நின்றவன். ஒரு நாள் ரோலர் சத்தத்துக்குள் என் பேர் கேட்டது. கூட நின்றவர்களுக்கும் கேட்கிறது, எனக்குத்தான் சொல்லமாட்டேன் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மிஷின் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் கேட்டது. எழும்பிப் போய், வாட்ச்சர் கண்ணில் படாமல் உள்ளே நுழைந்து, ரோலர்மேல் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சரி, அதோடு புத்தி வந்திருக்க வேண்டும்தானே? நான் வருவது தெரிந்து நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். எதைக் கொண்டுவந்து காட்டினாலும் என் மூளை அதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. மறைத்தேன், உண்மைதான். அது நான் கண்டுபிடித்த ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதற்காக. வருத்தத்தை மறைக்கவில்லை.

மருந்தைக் கலக்க வேண்டாம் தங்கச்சி. எங்கள் அம்மா ரசத்தில் கலந்தார், கசந்தது. சோற்றில் எதையோ போடுகிறார்கள் என்ற எண்ணம் அதுவரைக்கும் எனக்கு வந்ததே இல்லை. அன்றைக்கு அது நிஜமாகவே நடந்தது! அப்புறம் மூன்று மாதம் கடைப் பாண்தான், அம்மா கைச்சோறு தொடவில்லை.

எனக்குத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்று, தூக்கம் இல்லை. கடைசியில் அதைச் சொல்லித்தான் கிளினிக்குப் போனேன். அந்த டொக்டர் அம்மாவும் முதலில் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்டார், குரலைப் பற்றிக் கேட்கவில்லை. மருந்து தொடங்கி ஒன்றரை மாதத்தில் சத்தம் மெலிந்தது. புரிந்தது ஒரே நாளில் இல்லை. நாலு நாள் "அது வருத்தம்தான்" என்று தோன்றும், ஐந்தாம் நாள் திரும்ப ரோலர்மேல் சந்தேகம். இப்போது ஒன்பது வருஷம், மாதம் ஒரு ஊசி. இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டால் மனைவிதான் முதலில் கண்டுபிடிப்பாள். நான் இல்லை என்றுதான் சண்டை பிடிப்பேன், ஆனால் போய்விடுவேன்.

வெள்ளைச் சப்பாத்து:
வார்டில் வேலை செய்கிறேன். பார்க்காமல் உங்கள் அண்ணனுக்கு இன்ன நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் தெரியாமல் போவது நிஜம். பாபின்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவர் 1914இலேயே இதற்குப் பேர் வைத்தார். அவர் பார்த்தது பக்கவாத நோயாளிகளை. இடது கை அசையாது, கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் எல்லாம் வரும் மனச்சிதைவு என்ற நோய் பற்றி உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் ஆய்வு செய்து 1973இல் அறிக்கை வெளியிட்டது. அதில் மற்ற எந்த அறிகுறியையும்விட அதிகமாகக் கண்டது, தனக்கு நோய் என்று உணராததுதான், 97 சதவீதம் பேரிடம்.

எல்லாருக்கும் இப்படி இல்லை. மனச்சோர்வில் பலருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தாலும் அதை நோய் என்று சொல்லாமல் "நான் உதவாக்கரை" என்பார்கள். அளவுமீறிய உற்சாகத்தில் இருப்பவரிடம் போய் வருத்தம் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

சத்தம் கேட்கிறதா இல்லையா என்று அண்ணனோடு வாதாட வேண்டாம். ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் நீங்கள் கஷ்டப்படுவது தெரிகிறது" என்றால் போதும். தன்னையோ வேறு யாரையோ காயப்படுத்துவது போலப் பேசினால் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

லயத்துப் பிள்ளை:
நேற்று ராத்திரி அண்ணன் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். தூங்கி எத்தனை நாள் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, "பதினேழு" என்றார். எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். தூக்கத்துக்கு மட்டும் என்றால் செவ்வாய்க்கிழமை வருகிறாராம். பஸ்ஸில் கடைசி சீட்தான் வேண்டுமாம், பின்னால் யாரும் இருக்கக் கூடாதாம். சரி என்று சொல்லிவிட்டேன். சீட் பிடிக்க முதல் பஸ்ஸுக்கே போக வேண்டும்.