லாரிக்காரப் பிரிகேடும் நஸிரியா திருப்பமும்

கரிசல்_பீரங்கி:
"அமெரிக்க ராணுவத்தின் பன்முக ஆதரவு பிரிகேடெல்லாம் லாரிக்காரக் கும்பல்" என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார் (பிரிகேட் என்றால் பல பட்டாலியன்கள் சேர்ந்த படை; பட்டாலியன் என்றால் பல கம்பெனிகள்). ஐயா, 2003 மார்ச் 23, ஈராக்கில் நஸிரியா. 507ஆவது பராமரிப்புக் கம்பெனி, அதாவது பழுதுபார்க்கும் சிறு படைப்பிரிவு, மணலில் புதைந்த வண்டிகளை இழுத்து இழுத்தே பின்தங்கியது. திருப்பத்தைத் தவறவிட்டு ஊருக்குள்ளேயே போனது. 33 பேரில் 11 பேர் பிணம். பின்னால் வருகிறவனுக்குக் காவலும் வழியும் வேண்டாமா? அந்த வேலைக்குத்தான் ராணுவப் போலீஸ், பொறியாளர், ரசாயனத் தற்காப்பு எல்லாம் பிற்பாடு ஒரே தலைமையில், அந்தப் பன்முக ஆதரவு பிரிகேடுகளில் ஒன்றான 'மனூவர் என்ஹான்ஸ்மென்ட் பிரிகேடில்'.

நெட்டைக்கொக்கு:
மேதாவி நான்தான், வணக்கம். திருப்பத்தைத் தவறவிட்டது கம்பெனி கமாண்டர். பாதையைத் தப்பாகப் புரிந்துகொண்டவருக்குப் பிரிகேட் என்ன செய்யும்?

கரிசல்_பீரங்கி:
60 மணி நேரம் சரியான தூக்கமில்லாமல் வண்டி ஓட்டிப் பாருங்கள், புரியும். அந்தத் திருப்பத்தில் முதலில் வழிகாட்ட ஆள் நின்றது. இவர்கள் வந்தபோது இல்லை. திருப்பத்தில் ஆள் இல்லை!

நெட்டைக்கொக்கு:
ஆள் இல்லாவிட்டால் வரைபடமும் இல்லையா? சரி, உங்கள் பிரிகேடுக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது? தலைமையகம், ஒரு சிக்னல் (தகவல் தொடர்பு) கம்பெனி, ஒரு ஆதரவு பட்டாலியன். மற்றதெல்லாம் இரவல். இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான். இதே இரவல் பாணியில்தான் டிவிஷனிடமிருந்து (பிரிகேடுகளுக்கு மேலே இருக்கும் பெரிய படை) பீரங்கித் தலைமையகத்தைப் பிடுங்கினார்கள், 2014இல் திரும்பக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஏன்?

கரிசல்_பீரங்கி:
பீரங்கியை யார் கேட்டது? திருப்பத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_ஹவில்தார்:
தம்பிகளா, அங்கே துப்பாக்கியே சிக்கிக்கொண்டது. தூசி. தினம் துடைக்காதவனுக்கு எந்தப் பிரிகேடும் உதவாது. எங்கள் காலத்தில் துடைத்த பிறகுதான் சோறு.

கரிசல்_பீரங்கி:
அண்ணே, எந்த இழையானாலும் உங்கள் சோற்றுக் கதை வந்துவிடுகிறது. தூசி வேறு, திருப்பம் வேறு.

தமிழ்_வாள்:
முதலில் 'பிரிகேட்' என்று எழுதாதீர்கள். படையணி.

நெட்டைக்கொக்கு:
அப்போ பட்டாலியன்? ரெஜிமென்ட்? மூன்றுக்கும் படையணிதானே போடுவீர்கள்? போன மாதம் கார்ப்ஸையும் அப்படித்தான் எழுதினீர்கள்.

தமிழ்_வாள்:
போன மாதத்தை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றைக்கும் பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள்.

கரிசல்_பீரங்கி:
இரண்டு பேரும் வெளியே போய்ச் சண்டை போடுங்கள். கொக்கு, மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்: திருப்பத்தில் ஒரு ராணுவப் போலீஸ்காரன் கை காட்டி நின்றிருந்தால்?

நெட்டைக்கொக்கு:
அவனையும் லாரியில்தானே கொண்டுவந்து இறக்கியிருப்பார்கள்!