கான்ஃபிக்கில் (நிரலின் அமைப்புக் கோப்பில்) மதிப்பு இல்லையென்றால் கட்டளைவரி நிரல் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: சர்வர் முகவரி கான்ஃபிக் கோப்பில் இல்லாவிட்டால் என் நிரல் பயனரிடம் கேட்கிறது. ஆள் இல்லாமல் ஓடும் தானியங்கி பில்டில் அந்தக் கேள்வியிலேயே தொங்கி நிற்கிறது. இயல்பு மதிப்பு வைத்துவிடலாமா?

பதில் 1: முகவரிக்கு வேண்டவே வேண்டாம், தரவு வேறெங்கோ போய்விடும். டைம்அவுட் 30 விநாடி மாதிரி சேதமில்லாதவற்றுக்கு வையுங்கள். கேட்பதற்கு முன் உள்ளீடு ஆள் தட்டச்சு செய்யும் டெர்மினல்தானா என்று isatty என்ற செயற்கூறு கொண்டு பாருங்கள். இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

பதில் 2: நிறுத்தும்போது செய்தி ஸ்டாண்டர்ட் எர்ரருக்கு (பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீடு) போகட்டும், வெளியேறும் குறியீடு 78, பிஎஸ்டி (ஒரு யூனிக்ஸ் வகை) மரபில் அதுதான் கான்ஃபிக் பிழை. “சர்வர் அமைக்கப்படவில்லை” என்றால் போதாது. எந்தக் கோப்பில் தேடியது, எந்த ஃபிளாக்கில் (கட்டளையோடு சேர்த்துத் தரும் விருப்பம்) தரலாம் என்பதும் வேண்டும். விடுபட்டவை மூன்றென்றால் மூன்றையும் ஒரே தடவையில் சொல்லுங்கள், தயவுசெய்து.

பதில் 3: மதிப்பைச் சூழல் மாறியிலிருந்தும் (நிரலுக்கு வெளியே, இயங்குதளத்தில் வைக்கும் மதிப்பு) எடுத்தால், அது காலியாக இருப்பதும் அறவே இல்லாததும் ஒன்றா என்று முதலிலேயே முடிவெடுங்கள். எக்ஸ்டிஜி (லினக்ஸ் போன்றவற்றின் டெஸ்க்டாப்களுக்கான பொதுத் தரம்) விதியில், கான்ஃபிக் கோப்புகளின் இடத்தைச் சொல்லும் கான்ஃபிக் ஹோம் (XDG_CONFIG_HOME) மாறிக்கு இரண்டும் ஒன்றுதான்.