பொருள்: ஆக்ஸ் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

நெய்தல் எழுதியது:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கார் ஸ்டீரியோ ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முக்கால்வாசி முடிந்துவிட்டது, ஒரு பத்தி மட்டும் மக்கர் பண்ணுகிறது. மூலத்தில் சொல்வது இவ்வளவுதான்: கையோடு கொண்டுபோகும் மியூசிக் பிளேயரை, இரண்டு முனையிலும் 3.5 மி.மீ. பின் இருக்கிற ஒயரால், ஸ்டீரியோவின் முகப்பில் ஏ-யு-எக்ஸ் (ஆக்ஸ்; ஆக்ஸிலியரி, அதாவது துணை, என்பதன் சுருக்கம்) என்று பொறித்திருக்கும் ஓட்டையோடு இணைக்க வேண்டும். அப்புறம் பொத்தானை அழுத்தி அந்த வழிக்கு மாற்ற வேண்டும்.

"கையடக்க இசைக்கருவியைத் துணை உள்ளீட்டில் இணைக்கவும்" என்று எழுதிவிடலாம். ஆனால் இசைக்கருவி என்றதும் நாதஸ்வரமும் தவிலும்தான் கண்முன் வரும். சரி, "ஒலிப்பான்" என்று மாற்றலாம் என்றால், வண்டியில் ஒலிப்பான் என்பது ஹாரன். காற்று ஒலிப்பானுக்கு அபராதம் என்று செய்தித்தாளில் படிக்கிறவர் "கையடக்க ஒலிப்பான்" என்றால் என்ன நினைப்பார்?

எனக்கு மூன்று சொல் வேண்டும்: பிளேயர், ஆக்ஸ், அந்த ஓட்டை. நிறுவனத்தின் நிபந்தனை ஒன்றே ஒன்று, படிக்கிறவர் கடைக்குப் போன் பண்ணி அர்த்தம் கேட்கக் கூடாது.

புலவர் எழுதியது:

அன்புள்ள நெய்தல் அம்மாவுக்கு,

முதலில் "உள்ளீடு". இடு என்னும் பகுதி முதல் நீண்டு ஈடு ஆயிற்று. ஆனால் நம் வழக்கில் உள்ளீடு என்பது உள்ளே இருக்கும் சரக்கு. அதனால்தான் "உள்ளீடற்ற பேச்சு" என்கிறோம். கணினிக்காரர்கள் அதை உள்ளே இடும் செயலுக்கு எடுத்துக்கொண்டார்கள். நிலைத்தும்விட்டது, போகட்டும்.

"துணை"யோடுதான் எனக்கு வழக்கு. துணைவினை தனித்து நில்லாது. துணைக்காலைத் தனியே எழுதினால் அதற்கு ஒலியே கிடையாது. இந்த ஆக்ஸ் அப்படியா? வெளியிலிருந்து வரும் பாட்டுக்கு ஒரு வாசல், அவ்வளவுதான். துணையைவிடப் "புறம்" பொருந்தும். (துணைவேந்தர் மட்டும் விதிவிலக்கு. பெயர்தான் துணை, பல்கலைக்கழகத்தை நடத்துவதே அவர்.)

ஓட்டைக்குச் சொல் தேடி அலையவே வேண்டாம். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழை வருணிக்கும்போது,

அளைவாழ் அலவன் கண்கண் டன்ன
துளைவாய் தூர்ந்த துரப்பமை ஆணி

என்கிறார். வளையில் வாழும் நண்டின் கண்போல, துளையின் வாயை அடைத்துக்கொண்டு முடுக்கி நிற்கும் ஆணி. துளைவாய், ஆணி. பாட்டுக் கேட்கும் கருவிக்கு இசைக்கருவியிலிருந்தே பிறந்த இணைச்சொற்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முன் செருகியதை இன்றும் செருகுகிறோம்! வண்டிக்கும் ஆணி அந்நியமன்று. "உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார்" என்றாரே வள்ளுவர்.

வண்டிக்காரன் எழுதியது:

புலவர் ஐயாவுக்கு மதுரையிலிருந்து வணக்கம். நண்டின் கண் அருமை. ஆனால் கையேட்டில் "ஆணியைத் துளைவாயில் செருகவும்" என்று போட்டால், நம்ம ஆள் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடுவான். ஆணி என்றால் அடிக்கிறது, இல்லாவிட்டால் பிடுங்குவது.

காருக்கு செட் மாட்டுகிறதுதான் என் பிழைப்பு. கடைக்கு வருகிறவர்கள் சொல்வது "ஆக்ஸ் ஒயர்", "பின்", "செட்". ஸ்டீரியோ என்றுகூட யாரும் சொல்வதில்லை, செட்தான். செட்டின் முகத்தில் அந்த மூன்று எழுத்து ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது, தமிழில் எதுவும் இல்லை. தாளில் நீங்கள் என்ன பேர் வைத்தாலும், படிக்கிறவன் கண் கடைசியில் அந்த மூன்று எழுத்தில்தான் போய் நிற்கணும்.

இன்னொன்று. சொல் சரியாகிவிட்டால் பாட்டு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். "ஆக்ஸ்ல பாட்டு வரல" என்று வருகிறவர்களில் பாதிப்பேர் பொத்தானை அழுத்தி ஆக்ஸுக்கு மாற்றவே இல்லை, செட் ரேடியோவிலேயே கிடக்கும். இன்னும் சிலர் பின்னை "டிக்" என்று உட்காரும்வரை அழுத்துவதில்லை. பின்னை உற்றுப் பாருங்கள், கறுப்புக் கோடு போட்டு மூன்று பகுதியாகப் பிரித்திருக்கும். நுனி இடதுபக்கச் சத்தம், நடு வளையம் வலதுபக்கச் சத்தம், அடிப்பகுதி எர்த். முழுசாக உள்ளே போகாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் பாடும், இல்லாவிட்டால் பாடகர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். மைக் வைத்த ஹெட்போன் ஒயரில் கோடு ஒன்று கூடுதலாக இருக்கும். அதை வெட்டி ஒட்டுப்போட்ட ஒயரைக் கொண்டுவந்தாலும் இதே கதைதான். இதையெல்லாம் எழுத இடம் விடுங்கள் தாயே.

சிங்கைக்காரர் எழுதியது:

வண்டிக்காரர் சொல்வதை ஏற்கிறேன், ஆனாலும் "பின்" என்றே விட்டுவிட்டால் இந்தக் குழு எதற்கு? என் முன்மொழிவு: பிளேயர் = இசைப்பான், ஆக்ஸ் = புறத்தொடுப்பு, ஓட்டை = தொடுப்பு வாய். தொடு, தொடுப்பு, தொடுப்பி என்று குடும்பமாகவே கிடைக்கும்.

தவிர, ஆக்ஸுக்கு ஏன் இவ்வளவு பாடு? 2016-ல் ஐபோன் 7 வந்தபோதே அந்த ஓட்டையை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லோரும் ஊடலைதான்.

வண்டிக்காரன் எழுதியது:

அண்ணே, எங்கள் பக்கம் "அவனுக்கு ஒரு தொடுப்பு இருக்கு" என்றால் வீட்டில் செருப்பு பறக்கும். "புறத்தொடுப்பு" இன்னும் மோசம்! தயவுசெய்து காருக்குள் கொண்டுவராதீர்கள்.

புலவர் எழுதியது:

ஊடலையா? புளூடூத்துக்கு அந்தச் சொல்லைக் கைபேசியில் எல்லோரும் அனுப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊடு + அலை என்று பிரித்தால் சரிதான். ஆனால் பார்த்தவுடன் ஊடல் + ஐ என்றல்லவா தோன்றுகிறது? இரண்டாம் வேற்றுமை வெளிப்படையாகவே நிற்கிறது. "ஊடலைத் துண்டித்துவிட்டு மீண்டும் இணையவும்" என்று கையேட்டில் போட்டால் அது ஸ்டீரியோவுக்குச் சொன்ன வழி ஆகாது, கணவன் மனைவிக்குச் சொன்ன புத்தி. வள்ளுவரே கடைசி அதிகாரத்தில் ஊடல் உவகை என்றுதான் முடித்தார், அதைத் துண்டிக்க நாம் யார்?

வடலி எழுதியது:

வணக்கம். டொராண்டோவில் பனிக்குள் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது செருகி, குதை. உள்ளே போவது செருகி, வாங்குவது குதை. புலவர் ஐயாவுக்குப் பழசு வேண்டும் என்றால் இதுவும் பழசுதான். வில்லின் நுனியில் நாணை மாட்டுகிற வெட்டுக்குப் பேர் குதை. ஆணிக்கு வடமொழிக்காரரும் உரிமை கொண்டாடுவினம், குதைக்கு அந்தச் சண்டையும் இல்லை.

நான் இங்கு வந்து முதலில் வாங்கின பழைய காரில் கசெற் மட்டும்தான், ஆக்ஸ் கிடையாது. கசெற் போலவே ஒரு டப்பா விற்பினம், அதிலிருந்து ஒரு ஒயர் தொங்கும். ஒயரைப் பிளேயரில் குத்திப்போட்டு, டப்பாவைக் கசெற் வாய்க்குள் தள்ள வேண்டும். உள்ளே நாடாவே இல்லை. நாடா வந்து உரச வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் காந்தத் தலை, செற்றின் தலைக்கு நேரே முட்டிக்கொண்டு நிற்கும். பாட்டு மின்னோட்டமாக வந்து காந்தப்புலமாகி அடுத்த தலைக்குத் தாவும். உள்ளே பல்சக்கரம் சும்மா சுற்றும், இல்லாவிட்டால் "நாடா முடிஞ்சுது" என்று செற் நின்றுபோகும். செற்றை ஏமாற்றுகிறதுக்கு மட்டும் ஒரு சக்கரம்! இதுக்கு ஆராவது தமிழ் வைத்தீர்களோ?

புலவர் எழுதியது:

பொய்நாடா! பொய்க்கால் குதிரை ஆடுகிற ஊர்க்காரன் சொல்கிறேன், இதைவிட நல்ல பெயர் அமையாது.

சிங்கைக்காரர் எழுதியது:

பொய்நாடா அருமை. நாடா வடக்கிலிருந்து வந்தது என்பதையும் இந்த ஒரு முறை மன்னித்துவிடுகிறேன்.

வண்டிக்காரன் எழுதியது:

நானும் கை தூக்குகிறேன். கடையில் அந்தச் சாமான் இப்போது கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நெய்தல் எழுதியது:

குழுவில் முதல் முறையாக எல்லோரும் ஒத்துப்போயிருக்கிறீர்கள், அதுவும் என் கையேட்டிலேயே இல்லாத ஒரு பொருளுக்கு. நன்றி!

ஆக்ஸுக்குத் திரும்பும் முன் ஒரு துணைக்கேள்வி. புளூடூத் பகுதியில் இரண்டு வினை வருகின்றன. முதல்முறை போனும் செட்டும் ஒன்றையொன்று தெரிந்துகொள்வது ஒன்று, பிறகு தினமும் சேர்ந்துகொள்வது இன்னொன்று. நாம் இரண்டையும் "இணை" என்றே எழுதுகிறோம். "இணைத்த பின் இணைக்கவும்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பழுதுப் பட்டியலில் வரும் சத்தங்களுக்கும் சொல் வேண்டும்.

வடலி எழுதியது:

முதல் தடவை "அறிமுகம்", பிறகு "இணைப்பு". "போனைச் செற்றுக்கு ஒருமுறை அறிமுகம் செய்யவும்." அறிமுகம் இல்லாத ஆளை வீட்டுக்குள் விடமாட்டம்தானே.

வண்டிக்காரன் எழுதியது:

அறிமுகம் நல்லா இருக்கு, கடையில் நானே இனிமேல் சொல்வேன்.

சத்தத்துக்குத் தமிழில் சொல் பஞ்சமா? பின் ஆட்டம் கண்டால் கரகரப்பு. போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு செட்டில் ஏற்றினால் பின்னாலே இரைச்சல் வரும். போனில் முக்கால்வாசி வைத்துவிட்டு மிச்சத்தைச் செட்டில் ஏற்றணும் என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். மூன்றாவதுதான் வில்லன். சிகரெட் லைட்டர் துளையில் போனைச் சார்ஜில் போட்டு, அதே போனை ஆக்ஸிலும் மாட்டினால் "ங்ஙீ" என்று ஒரு ரீங்காரம். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் சுதி ஏறும். சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் ஒயர் வழியாக ஒரு எர்த். இரண்டும் சேர்ந்து வளையம் போட்டுவிடும், எஞ்சினோடு சுற்றிக் கரண்டு தருகிற ஆல்டர்னேட்டரின் துடிப்பு அது வழியாகப் பாட்டுக்குள் வந்துவிடும். சார்ஜர் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள், நின்றால் இதுதான். நடுவில் மாட்ட ஒரு குட்டி டப்பா விற்கிறது. உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், எர்த்தை அறுத்துவிட்டுப் பாட்டை மட்டும் கடத்தும்.

சிங்கைக்காரர் எழுதியது:

கரகரப்பு, இரைச்சல், ரீங்காரம். ஆங்கில மூலத்தைவிடத் தெளிவாக இருக்கிறதே! அந்த எர்த் விவகாரத்துக்குப் "புவிவளையம்" என்று –

வண்டிக்காரன் எழுதியது:

புவிவளையம் என்றால் சனிக்கோளுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கு. "எர்த் ரீங்காரம்". விடுங்கண்ணே.

நெய்தல் எழுதியது:

நேரம் நெருங்குகிறது. இதுவரை வந்ததை வைத்து இப்படி எழுதியிருக்கிறேன்:

"உங்கள் மியூசிக் பிளேயரையோ போனையோ ஆக்ஸ் ஒயரால் செட்டோடு இணைக்கலாம். ஒயரின் ஒரு செருகியைப் பிளேயரின் ஹெட்போன் துளையிலும், மற்றொன்றைச் செட்டின் முகப்பில் ஆக்ஸ் எனக் குறித்துள்ள துளையிலும் 'டிக்' என்று உட்காரும்வரை செருகவும். பிறகு பொத்தானை அழுத்தி ஆக்ஸுக்கு மாற்றவும்."

"ஆக்ஸ்" முதலில் வரும் இடத்தில் மட்டும் "ஆக்ஸ் எனப்படும் துணை உள்ளீடு" என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். செருகி வடலி அண்ணனுடையது. புலவர் ஐயாவின் துளைவாயில் துளையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வடலி எழுதியது:

குதை போனது கவலைதான். ஆனால் வாசிக்க விளங்குது, ஆதரிக்கிறேன்.

சிங்கைக்காரர் எழுதியது:

இசைப்பானுக்கு என்ன குறை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. மூன்று பேர் ஒத்துக்கொண்டால் நானும் ஒத்துக்கொண்ட மாதிரிதான்.

புலவர் எழுதியது:

அம்மா, நான் உடன்படவில்லை. பதிவாக இருக்கட்டும்.

துணை உள்ளீட்டைக்கூட விட்டுவிடுகிறேன். ஆனால் "ஆக்ஸ்" என்று தமிழில் எழுதுவது எப்படி? க், ச், த், ப் என்னும் நான்கும் தம்மோடு மட்டுமே மயங்கும். ககர மெய்க்குப் பின்னால் ககரம்தான் வரலாம், வேறெதுவும் கூடாது. கிரந்தத்தை நீக்கி "ஆக்சு" என்றாலும் அதே வழு. வடவெழுத்து ஒரீஇ (வடவெழுத்தை விலக்கி) என்று தொல்காப்பியர் சொன்னதை இந்த ஆங்கிலச் சொல்லுக்கும் நீட்டிக்கொண்டால் "ஆக்கசு" என்றாவது எழுத வேண்டும்.

வண்டிக்காரன் எழுதியது:

ஐயா, "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல" என்று நன்னூலார் சொன்னதாகப் பள்ளிக்கூடத்தில் எங்களைப் பிரம்பால் அடித்துத்தான் படிக்க வைத்தார்கள். "ஆக்கசு ஒயர் இருக்கா" என்று கேட்டால் நான் பழைய இரும்பு வாங்குகிற ஆக்கர் கடைக்கு வழி காட்டிவிடுவேன்.

நெய்தல் எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். கோப்பை அனுப்பிவிட்டேன், "ஆக்ஸ்" என்றேதான் போகிறது. ஒரு படியை உங்களுக்கும் அனுப்பச் சொல்கிறேன்.

புலவர் எழுதியது:

அனுப்புங்கள் அம்மா, மகன் காரில் வைத்துக்கொள்கிறேன். என் படியில் மட்டும் பேனாவால் துளைவாய் என்று திருத்திக்கொள்வேன். அது கிடக்கட்டும், வண்டிக்காரத் தம்பிக்கு ஒரு கேள்வி: போனை முக்கால்வாசியில் வைத்த பிறகும் இடதுபக்கம் மட்டும் பாடுகிறதே, அது நுனியா, வளையமா?