மறு: மெய்நிகர் பொதியா, பெயர்ப்பொதியா?

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் தமிழாக்கத்தில், நிறுவுவதற்கேற்பக் கட்டிய மென்பொருளான 'பேக்கேஜ்' என்பதற்குப் 'பொதி' என்று முடிவானதில் எனக்கு முழு உடன்பாடு. 'தொகுப்பு' என்று வைத்திருந்தால் நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு வழங்கும் 'தொகுப்பி'யோடு குழம்பியிருக்கும். ஆனால் 'வர்ச்சுவல் பேக்கேஜ்' என்பதை 'மெய்நிகர் பொதி' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

லினக்ஸ் இயங்குதளமான டெபியனில், பொதிகளைத் தேடி நிறுவும் கருவியான ஆப்டிடியூட் கொண்டு 'மெயில்-டிரான்ஸ்போர்ட்-ஏஜென்ட்' (மின்னஞ்சல் கொண்டுசேர்க்கும் மென்பொருள்) என்று தேடிப் பாருங்கள். நிறுவிய பொதிக்கு 'ஐ', நிறுவாததற்குப் 'பி' என்று வரும் இடத்தில் 'வர்ச்சுவல்' என்பதைக் குறிக்கும் 'வி' என்ற எழுத்து நிற்கும். விளக்கம் வர வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு மட்டுமே இருக்கும். இறக்கிக்கொள்ள அதற்கென்று ஒரு கோப்பும் கிடையாது. எக்ஸிம், போஸ்ட்பிக்ஸ் போன்ற பொதிகள் 'இந்த வேலையை நான் செய்வேன்' என்று தம் குறிப்பில் அந்தப் பெயரை அறிவித்திருக்கின்றன, அவ்வளவுதான். மின்னஞ்சல் அனுப்ப ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்னும் வேறொரு பொதி, இன்னதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் இந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறது. இப்படிப் பொதுவில் வைத்துக்கொள்ளும் பெயர்களுக்கு டெபியன் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது.

'மெய்நிகர் இயந்திரம்' சரியான சொல். அதில் இயங்குதளம் நிறுவலாம், அணைக்கலாம். மெய்யான கணினிக்கு நிகராகவே நடந்துகொள்கிறது. இங்கே மெய்க்கு நிகராக எது இருக்கிறது? என்னிடம் லினக்ஸ் பயிலும் மாணவி ஒருவர், "தேடினால் இருக்கிறது, நிறுவப் போனால் முடியாது என்கிறதே?" என்று கேட்டார். பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடு என்றுதான் பொதி நிறுவும் கருவியான ஆப்ட் அவரிடம் சொல்லியிருந்தது. 'மெய்நிகர்' என்ற சொல் அவருக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

ஆகவேதான் முதலில் 'பெயர்ப்பொதி' என்று முன்மொழிந்தேன். உப்புப்பொதி என்றால் உப்பு ஏற்றிய பொதி, அப்படியானால் பெயர்ப்பொதி என்பது பெயர்களை ஏற்றிய பொதி ஆகிவிடாதா என்று நேற்றைய மடலில் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. இரவெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். திருப்பிப் போட்டுப் 'பொதிப்பெயர்' என்றால் அது எந்தப் பொதியின் பெயருக்கும் பொருந்திவிடும்.

பொதி அல்லாத ஒன்றைப் பொதி என்று ஏன் அழைக்க வேண்டும்? பள்ளி இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது: பொதுப்பெயர். மரம் பொதுப்பெயர், வேம்பு சிறப்புப்பெயர். நாற்றுப்பண்ணைக்குப் போய் "மரக்கன்று ஒன்று கொடுங்கள்" என்றால், "என்ன மரம்?" என்றுதானே கேட்பார்கள்? ஆப்ட் கேட்பதும் அதே கேள்விதான்.

ஆப்ட் காட்டும் செய்தியில் இச்சொல்லை வைத்துப் பார்த்தேன்:

"மெயில்-டிரான்ஸ்போர்ட்-ஏஜென்ட் என்பது பொதுப்பெயர். இப்பெயருக்குரிய பொதிகள்: எக்ஸிம்4-டீமன்-லைட், போஸ்ட்பிக்ஸ். நிறுவ வேண்டியதைத் தேர்ந்தெடுக்கவும்."

ஆப்டிடியூட் முகப்பிலும் 'நிறுவிய பொதிகள்', 'நிறுவாத பொதிகள்', 'பொதுப்பெயர்கள்' என்று தலைப்புகள் இயல்பாக அமைகின்றன. பொதியின் குறிப்பில் இப்பெயரை அறிவிக்கும் 'புரொவைட்ஸ்' புலத்துக்கு 'வழங்கும் பெயர்' என்று எழுதியிருக்கிறேன். 'ஏற்கும் பெயர்' இன்னும் பொருத்தமோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.