அட்டை தெரிகிறது, இணைப்பு வரவில்லை: வலையட்டை அனுபவங்கள்

பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியபோது எனக்கு நேர்ந்ததைப் பகிர்கிறேன். கணினியில் உள்ள அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை வைஃபை அட்டையின் பெயரைப் பிழையின்றிக் காட்டியது. ஆனால் இணைப்பு வரவில்லை. அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் இல்லை என்று எண்ணி ஒரு மாலை முழுவதும் அதையே தேடினேன்.

உண்மையில் டிரைவர் ஏற்கெனவே ஏறியிருந்தது. பிசிஐ என்ற இணைப்புமுறையில் கணினியுடன் சேரும் ஒவ்வொரு கருவியும், தயாரித்த நிறுவனத்துக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று என 16 பிட் எண்கள் இரண்டைத் தன்னுள் வைத்திருக்கிறது. இயங்குதளத்தின் மையமான கர்னல் அவற்றைப் படித்து அறிவித்ததும், அந்த எண்களுக்கு உரிய மாட்யூல் (டிரைவர் அடங்கிய கோப்பு) எது என்பதைப் பட்டியலில் தேடி ஏற்றும் வேலையை, கருவிகளைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் தொடங்கிவைக்கிறது. இவை அனைத்தும் சரியாக நடந்திருந்தன. அட்டைக்குள் இருக்கும் சிறு செயலிக்கு ஊட்ட வேண்டிய நிரலான ஃபர்ம்வேர் கோப்புதான் இல்லை. கர்னல் பதிவுகளில் 'பிழை -2' என்றிருந்த வரிக்கு, கோப்பு கிடைக்கவில்லை என்பதே பொருள். அந்தக் கோப்பு கட்டற்ற உரிமத்தில் வராததால் டெபியனின் அன்றைய அதிகாரபூர்வ நிறுவியில் இடம்பெறவில்லை. கோப்பை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்தக் கோப்பே வேண்டும். கடைசியில் ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து கைபேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கை இயக்கினேன். கர்னல் அதை ஈதர்நெட் (கம்பிவழி வலை) அட்டையாகவே ஏற்றுக்கொண்டது.

டெபியன் உருவாக்குநர்களிடையே 2022இல் நடந்த வாக்கெடுப்பின்படி, 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் இக்கோப்புகள் நிறுவியுடனே வருகின்றன. கட்டற்ற மென்பொருளை நேசிப்பவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆயினும் புதிதாக வருபவர் முதல் நாளே திரும்பிப் போகக் கூடாது என்பதால் அம்முடிவை ஆதரிக்கிறேன்.

*

மேலே நண்பர் விளக்கிய எண்கள் எதுவும் இல்லாத, பிசிஐக்கு முந்தைய ஐஎஸ்ஏ இணைப்புமுறைக் காலத்து அனுபவம் என்னுடையது. 1990களின் இறுதியில் நான் வைத்திருந்த என்இ2000 வகை அட்டையில் ஐ/ஓ முகவரியையும் (கணினி அட்டையுடன் பேசும் முகவரி) ஐஆர்க்யூ எண்ணையும் (அட்டை செயலியை அழைக்கப் பயன்படுத்தும் தடத்தின் எண்) ஜம்பர் என்ற சிறு இணைப்புத் துண்டால் அமைத்துவிட்டு, மாட்யூலை ஏற்றும்போது முகவரியை நாமே சொல்ல வேண்டும். முகவரிகளைத் தட்டிப் பார்ப்பதே வேறொரு அட்டையை உறையவைத்துவிடக்கூடும் என்பதால், தானாகத் தேடுவது அன்று ஆபத்தான வேலை. ஒலி அட்டை ஐஆர்க்யூ 5இல் இருப்பதை அறியாமல் அதையே வலையட்டைக்கும் கொடுத்திருந்தேன். டிரைவர் ஏறியது, அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரியும் தெரிந்தது, ஆனால் இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளைக்குப் பதிலே இல்லை. இரண்டு நாள் கழித்து, கர்னல் காட்டும் இன்டரப்ட் (அட்டை செயலியை அழைக்கும் அழைப்பு) எண்ணிக்கை சிறிதும் உயராததைக் கவனித்த பிறகே காரணம் புரிந்தது. ஜம்பரை 10க்கு மாற்றிப் பெட்டியை மூடாமலேயே கணினியை இயக்கினேன். முதல் பிங்குக்கே பதில் வந்தது.