சித்தப்பாவின் ஆடியோ ஜெனரேட்டர்

குழு: உறவுக்கூட்டம்

கார்த்தி: ஹாக்விண்ட் என்கிற பிரிட்டிஷ் ராக் குழுவின் ஆல்பம் 'தேர் இஸ் நோ ஸ்பேஸ் ஃபார் அஸ்' முழுசாகக் கேட்டு முடித்தேன். 2025 ஏப்ரலில் வந்தது. லிங்க் போட்டிருக்கிறேன். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

ராஜாராம் மாமா: ஸ்பீக்கரில்தான் கேட்டேன். வாக்குவம் கிளீனர் ஓடுகிற மாதிரி இருக்கிறது. பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?

கார்த்தி: அதுதான் மாமா பாட்டு.

ராஜாராம் மாமா: 🤦

நித்யா அக்கா: மாமா, இந்த வகைக்கு ஸ்பேஸ் ராக் என்று பேர், விண்வெளியில் மிதக்கிற மாதிரி இருக்கும். இதில் பல்லவி, சரணம் என்று காத்திருந்தால் ஏமாந்துதான் போவீர்கள். பேஸும் டிரம்ஸும் ஒரே தடத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கிடார் ஒன்றிரண்டு கார்டை (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்களை) விட்டு லேசில் நகராது. மேலே மிதக்கிற சத்தங்கள்தான் மாறிக்கொண்டே வரும். காதை அங்கே வையுங்கள்.

ராஜாராம் மாமா: யார் இவர்கள்? கார்த்தி வயசுப் பசங்களா?

கார்த்தி: குழுத் தலைவர் டேவ் பிராக் பிறந்தது 1941. இந்த ஆல்பம் வந்தபோது அவருக்கு 83. குழு லண்டனில் தொடங்கியது 1969-இல். அன்று முதல் இன்று வரை விடாமல் இருப்பவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள்.

ராஜாராம் மாமா: 83-ஆ! எனக்கு 64-லேயே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

லதா அத்தை: காலை வணக்கம் 🌹🌹

லதா அத்தை: விடிந்ததும் என்ன இத்தனை மெசேஜ்? யாருக்கு உடம்பு சரியில்லை?

நித்யா அக்கா: யாருக்கும் ஒன்றுமில்லை அத்தை. ராக் இசை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

லதா அத்தை: அட போங்கள். பதறிவிட்டேன்.

நித்யா அக்கா: ஆனால் கார்த்தி, புதுசு எனக்கு ரொம்பத் துடைத்து வைத்த மாதிரி படுகிறது. ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் கேட்கிறது. 1973-இல் வந்த 'ஸ்பேஸ் ரிச்சுவல்' கேட்டுப் பார். மேடையிலேயே பதிவு செய்த இரட்டை ஆல்பம். எது கிடார், எது சாக்ஸஃபோன் என்று பிரிக்கவே முடியாது. அந்தக் கலங்கல் இல்லாமல் என்ன ஹாக்விண்ட்?

கார்த்தி: எல்லாரும் இதையே சொல்கிறீர்கள் அக்கா. 50 வருஷத்துக்கு முந்தைய ஆல்பத்தை வைத்து அளந்தால் யார்தான் தேறுவார்கள்? அதில் லெம்மி இருந்தார். பேஸையே ரிதம் கிடார் மாதிரி வாசித்த ஆள். அந்த முரட்டுத்தனத்தை 83 வயசில் எதிர்பார்க்கலாமா? இதில் நிதானம் இருக்கிறது. எனக்கு அதுவே பிடித்தது.

ராஜாராம் மாமா: லெம்மி என்ன ஆனார்?

கார்த்தி: 1975-இல் கனடா எல்லையில் போலீஸ் பிடித்தது. குழுவை விட்டு நீக்கிவிட்டார்கள். அப்புறம் அவர் தொடங்கிய குழுதான் மோட்டர்ஹெட்.

ராஜாராம் மாமா: ஓ, நீ டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு திரிவாயே, அதுவா?

கார்த்தி: அதேதான் 😎

சுந்தரம் சித்தப்பா: நடுவில் ஒரு சந்தேகம். கீழிருந்து 'ஊஊய்ய்ங்' என்று ஏறிப் போகிறதே, அது என்ன வாத்தியம்?

கார்த்தி: இப்போது சிந்தசைசர் சித்தப்பா. ஆரம்பத்தில் டிக் மிக் என்று ஒருவர் ஆடியோ ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கொடுப்பார்.

சுந்தரம் சித்தப்பா: எது, நாங்கள் ஆம்ப்ளிஃபயர் டெஸ்ட் பண்ண வைத்திருந்தோமே, அந்த ஜெனரேட்டரா??

கார்த்தி: அதே ரகம்தான்.

சுந்தரம் சித்தப்பா: அடப்பாவிகளா. அது வாத்தியமே இல்லையடா. சைன் வேவ் கொடுக்கிற பெட்டி. முன்னால் பெரிய டயல், பக்கத்தில் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று ரேஞ்ச் சுவிட்ச். 20 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 20,000 வரை போகும். கட்டை எதுவும் கிடையாது, அதனால் டயலைத் திருப்பினால் வழுக்கிக்கொண்டே ஏறும். ஒரு ஸ்வரத்தில் நிறுத்துவதே பெரும்பாடு. நாங்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. ஸ்கோப் திரையில் அலை வடிவம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு அணைத்துவிடுவோம்.

நித்யா அக்கா: அந்தச் சத்தத்தை எக்கோ மெஷினுக்குள் விட்டால் எப்படி இருக்கும் சித்தப்பா? அதுதான் விஷயம்.

சுந்தரம் சித்தப்பா: டேப் எக்கோவா? பிடிபட்டுவிட்டது. வட்டமாக ஒட்டின டேப் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ஹெட் பதியும், தள்ளி இருக்கிற ஹெட்கள் கொஞ்சம் தாமதமாக வாசிக்கும். வருகிற சத்தத்தையே திரும்ப உள்ளே அதிகமாக விட்டால் அடங்காது, தானாக ஊளையிடும். எங்களிடம் அப்படி வந்தால் கோளாறு என்று சரி செய்து அனுப்புவோம். இவர்கள் ரெக்கார்டு போட்டு விற்றிருக்கிறார்கள்!

ராஜாராம் மாமா: முதலிலேயே சொன்னேன், மெஷின் சத்தம் என்று. யார் கேட்டீர்கள்?

நித்யா அக்கா: உங்களுக்கு 'சில்வர் மெஷின்' அனுப்புகிறேன் மாமா. 1972-இல் பிரிட்டனில் 3-ஆம் இடம் வரை போன பாட்டு. பாடியது லெம்மி. திரும்பத் திரும்ப வருகிற வரி இருக்கிறது, பயப்படாமல் கேளுங்கள்.

ராஜாராம் மாமா: கேட்டேன். இது பரவாயில்லை. கால் தானாக ஆடுகிறது.

லதா அத்தை: இங்கே டீப்பாயே ஆடுகிறது. ஹெட்ஃபோனை மாட்டுங்கள் என்று பிள்ளை முதலிலேயே சொன்னானே?

சுந்தரம் சித்தப்பா: 🎤 குரல் பதிவு 0:38

சுந்தரம் சித்தப்பா: பரணிலிருந்து இறக்கினேன். இன்னும் வேலை செய்கிறது!!

கார்த்தி: சித்தப்பா 🔥🔥🔥

நித்யா அக்கா: டயலை இன்னும் மெதுவாகத் திருப்புங்கள் சித்தப்பா. மேலே போனதும் சட்டென்று இறங்காமல் அங்கேயே கொஞ்சம் நிறுத்துங்கள்.

ராஜாராம் மாமா: இந்தக் குழுவை மியூட் பண்ணுவது எப்படி?

சுந்தரம் சித்தப்பா: எக்கோ இல்லாமல் வறட்சியாக இருக்கிறது. கார்த்தி, ஞாயிற்றுக்கிழமை வரும்போது உன் டிலே பெடலை எடுத்து வா. பவர் அடாப்டரை மறந்துவிடாதே.